குளிசைக்கு ஏன் கிழமைக்கணக்கு?

வடமராட்சியில் மனநோய்க்கு மருந்து வாங்க வருபவர்கள் நோயின் பெயரைக் கேட்பது குறைவு. பக்கவிளைவைப் பற்றிக் கேட்பவர்களும் சிலரே. எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான். "எத்தினை நாளிலை சுகம் வரும், தம்பி?"

மந்திகையிலுள்ள பருத்தித்துறை ஆதார வைத்தியசாலையின் மருந்து யன்னலுக்குப் பின்னால் நின்று இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கியவர் ஒரு மருந்தாளர். ஓய்வுபெற்ற பிறகு உடுப்பிட்டிச் சந்திக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பாமசியில் இருந்துகொண்டு இன்றும் சொல்கிறார். தலை முழுவதும் நரைத்துவிட்டது. ஊர்க் கிழவிகளுக்கு அவர் இன்னமும் 'தம்பி'தான். அவருடைய பதிலும் மாறவில்லை: "ரெண்டு மூண்டு கிழமை செல்லும், அம்மா. அதுக்கு முன்னம் விட்டுடாதேங்கோ."

மாறியது அந்தப் பதிலுக்குப் பின்னால் இருக்கும் காரணம். ஏன் இரண்டு மூன்று கிழமை? காய்ச்சலுக்குப் போடும் பரசிற்றமோல் ஒரு மணித்தியாலத்தில் வேலை செய்கிறது. வலிப்புக்கு ஏற்றும் ஊசி நிமிடக் கணக்கில் வேலை செய்கிறது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் குளிசை மட்டும் ஏன் இப்படி ஆறுதலாக நடக்கிறது? பல வருடங்களாக அவரைக் குடைந்த இந்தக் கேள்விக்கு, மூளையின் நரம்புக்கலங்கள் தம் பழசைத் தாமே பிரித்துப் புதிதாக்கிக்கொள்ளும் முறையை ஆராய்ந்தவர்களிடமிருந்து நம்பத்தகுந்த ஒரு விடை வந்திருக்கிறது. முழு விடை என்று அவர் சொல்லமாட்டார். ஆனால் யன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று கண்டவற்றோடு மிக நன்றாகப் பொருந்தும் விடை இது என்கிறார்.

அவர் வேலைக்குச் சேர்ந்த எண்பதுகளில் மனச்சோர்வுக்கு அரச வைத்தியசாலைகளில் கிடைத்தவை பெரும்பாலும் இரண்டு: அமிற்றிப்ரிலின், இமிப்பிறமின். இரண்டும் 25 மில்லிகிராம் குளிசைகள். தட்டில் கொட்டி, தகட்டால் ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணி, கடதாசிக் கூட்டில் போட்டு, 'இரவு 1' என்று எழுதிக் கொடுக்கவேண்டும். 1990 இல் போரின் நடுவே பொருளாதாரத் தடை வந்தபோது கடதாசியும் அருமையாகிவிட்டது. யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளே கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சான காலம் அது. மருந்துக் கூடுகளும் அதே தாளில் ஒட்டப்பட்டன. சில கூடுகளில் யாரோ ஒரு பிள்ளையின் கணக்குப் பாடம் தெரியும்.

மனச்சோர்வு என்று சொல்லிக்கொண்டு யாரும் வருவதில்லை. தலையிடி, நாரி உளைவு, நெஞ்சுக்குள் ஏதோ அடைத்த மாதிரி, நித்திரை இல்லை, பெருமூச்சு. இவைதான் வாயில் வரும். பெருமூச்சு வடமராட்சிப் பெண்களிடம் ஒரு தனி மொழி. காணாமல்போன மகனைப் பற்றிச் சொல்ல வாய் வராதபோது மூச்சு சொல்லும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் மருத்துவர் சிவயோகனும் 1994 இல் பிரித்தானிய உளமருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு இதை எண்ணிக்கையில் காட்டியது. யாழ்ப்பாணத்துப் பொதுமக்களிடையே 98 பேரை எழுந்தமானமாகத் தெரிந்து பார்த்தபோது 41 வீதத்தினரிடம் உளத் துன்பம் உடல் நோவாக வெளிப்பட்டது. கடுமையான மனச்சோர்வு 25 வீதத்தினரிடம் இருந்தது. போரின் அழுத்தம் எதையுமே அனுபவியாதவர்கள் 6 வீதம் மட்டுமே. யன்னலில் நின்றவருக்கு இந்த எண்கள் புதுமையாக இருக்கவில்லை. ஆனால் தான் பார்ப்பதை ஒருவர் எண்ணி, எழுதி, உலகத்துக்குச் சொல்லியிருக்கிறார் என்பது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

இந்தக் குளிசைகளின் சிக்கல் அவற்றின் வரிசைமுறையில் இருக்கிறது. கெடுதல் முதல் நாளே வந்துவிடும். வாய் உலரும், மலம் இறுகும், காலையில் எழும்பத் தலை சுற்றும். நன்மை மூன்றாம் கிழமைதான் தலைகாட்டும். இடையில் உள்ள அந்த நாட்களில்தான் மருந்து குப்பைக்குப் போகும். "தம்பி, இந்தக் குளிசை எனக்கு ஒத்துவரேல்லை" என்று ஆறாம் நாள் திரும்பிக் கொண்டுவந்து தருபவர்கள் உண்டு. கொண்டுவராமலே விடுபவர்கள் அதைவிட அதிகம். அமிற்றிப்ரிலின் அளவு மீறினால் இதயத்தைத் தாக்கும் என்பதால் கூடுதலாகவும் கொடுத்துவிட முடியாது. உயிரில் வெறுப்புள்ளவர் என்று மருத்துவர் குறித்திருந்தால் மருந்தாளர் ஒரு கிழமைக்குரியதை மட்டும் எண்ணி, கூட வந்த அக்காவிடமோ மாமியிடமோ கொடுத்துவிடுவார். தூர இடத்திலிருந்து பஸ் இல்லாமல் சைக்கிளில் வருபவருக்கு ஒவ்வொரு கிழமையும் வருவது எவ்வளவு பாடு என்பது அவருக்குத் தெரியும். இருந்தும் அந்த விதியில் அவர் இளகியதில்லை.

ஏன் தாமதம் என்பதற்குப் பாடப்புத்தகம் சொன்ன விளக்கம் பாதியில் நின்றது. அந்த விளக்கத்தின் கதையில் இந்தியத் துணைக்கண்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு. சர்ப்பகந்தி வேர் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்பதைப் பம்பாய் மருத்துவர் றஸ்தம் ஜால் வக்கீல் 1949 இல் உலகறிய எழுதினார். பின்னர் அந்த வேரிலிருந்து பிரித்தெடுத்த றிசேர்ப்பின் என்ற மருந்தை உட்கொண்ட சிலர் மனம் சோர்ந்து போனார்கள். அது மூளையில் செரற்றோனின் போன்ற கடத்திகளை வற்றச்செய்கிறது என்று பின்னர் தெரிந்தது. மறுபக்கம், 1952 இல் நியூயோர்க்கில் காசநோயாளருக்குக் கொடுத்த இப்றோனியசிட் அவர்களை உற்சாகப்படுத்தியது. அது அதே கடத்திகளைக் கூட்டுகிறது. குறைந்தால் சோர்வு, கூடினால் தெளிவு என்ற கருத்து அறுபதுகளில் இப்படித்தான் உருவானது.

அழகான கருத்துத்தான். ஆனால் ஒரு மருந்தாளருக்கு நேரக் கணக்குத் தெரியும். செரற்றோனின் நரம்புக்கலத்துக்குள் திரும்பப் போகாமல் இந்தக் குளிசைகள் தடுப்பது சில மணித்தியாலங்களுக்குள் நடந்துவிடும். அதுதான் வேலையென்றால் நோயாளி மறுநாளே தெளிந்திருக்க வேண்டும். மணித்தியாலத்துக்கும் கிழமைக்கும் இடையில் மூளைக்குள் வேறொரு வேலை நடக்கிறது.

அது என்ன வேலை என்பதற்கான துப்பு அவருக்கு 2016 இல் கிடைத்தது. அந்த வருடம் புரட்டாதியில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. வன்னியிலிருந்தும் கரையோரக் கிராமங்களிலிருந்தும் வந்தவர்களுக்கு மலேரியாக் குளிசையான குளோரோகுயினை ஆயிரக்கணக்கில் எண்ணிக் கொடுத்த கைக்கு அது ஒரு பெரிய செய்தி. அடுத்த மாதம், ஒக்ரோபர் 3 ஆம் திகதி, யப்பானிய உயிரியலாளர் யொஷினோரி ஓசுமிக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. கலங்கள் தம் பழசைத் தாமே பிரித்துண்ணும் 'தன்னுண்ணல்' எப்படி நடக்கிறது என்று கண்டதற்காக. அன்றிரவு அந்தச் செய்தியை வாசித்தபோது தன் பழைய கேள்விக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு இருக்குமா என்று தேடத் தொடங்கியதாக மருந்தாளர் சொல்கிறார்.

ஓசுமியின் பரிசோதனை எளிமையாலேயே மனதில் நிற்பது. 1988 இல், 43 வயதில், டோக்கியோ பல்கலைக்கழகத்தில் தனக்கென்று ஒரு சிறிய ஆய்வுகூடம் கிடைத்ததும், மற்றவர்கள் அதிகம் கவனியாத ஒன்றை எடுத்தார்: மதுவக் கலத்தின் புன்வெற்றிடம். கழிவுகள் அங்கே போய் அழிவது தெரிந்ததுதான். ஆனால் அழிவது வேகமாக நடப்பதால் இடைநிலையைக் காணமுடியாது. அழிக்கும் நொதியங்கள் இல்லாத மதுவ வகையை எடுத்து, அதைப் பட்டினி போட்டு, நுணுக்குக்காட்டியில் பார்த்தார். சில மணித்தியாலங்களில் புன்வெற்றிடம் சின்னஞ்சிறு பைகளால் நிறைந்துவிட்டது. கலம் தன் உட்பொருளைப் பொதிசெய்து அழிக்க அனுப்பியிருந்தது. அழிக்க ஆளில்லாததால் பொதிகள் தேங்கிவிட்டன. அந்தப் பொதி கட்டும் வேலைக்குத் தேவையான 15 மரபணுக்களை 1993 இல் அவர் குழு அறிவித்தது. பெல்ஜிய விஞ்ஞானி கிறிஸ்ரியன் டி டுவ் இலைசோசோமைக் கண்டது 1955 இல். தன்னுண்ணல் என்ற கருத்துக்குப் பெயரிட்டது 1963 இல். நோபல் பரிசு அவருக்கும் 1974 இல் கிடைத்தது. கண்டதற்கும் அது எப்படி நடக்கிறதென்று விளங்கியதற்கும் இடையில் ஏறக்குறைய முப்பது வருடம்.

மனிதக் கலத்திலும் நடப்பது அதேதான். பழுதான புரதம், தேய்ந்த இழைமணி, தேவைக்கு மேலான வாங்கிகள் எல்லாவற்றையும் இரட்டைச் சவ்வு ஒன்று சுற்றி வளைக்கும். அந்தப் பை அமிலம் நிறைந்த இலைசோசோமோடு இணையும். உள்ளே போனது அமினோ அமிலமாகவும் கொழுப்பமிலமாகவும் பிரிந்து, புதிய உறுப்புகள் கட்ட வெளியே வரும்.

தோல் கலம் தேய்ந்தால் உதிர்ந்துவிடும், புதியது வரும். நரம்புக்கலம் பிறப்பிலிருந்து இறப்புவரை பெரும்பாலும் அதே கலம்தான். அது பிரிவதில்லை. ஆகவே தன்னைத்தானே புதுப்பிக்காவிட்டால் அதற்கு வேறு வழியில்லை. 2006 இல் நேச்சர் இதழில் அருகருகே வந்த இரண்டு யப்பானிய ஆய்வுகள் இதை நேரடியாகக் காட்டின. நரம்புக்கலங்களில் மட்டும் தன்னுண்ணல் மரபணுவை நீக்கிய எலிகளுக்கு வேறு எந்த நோயும் கொடுக்கவில்லை. ஆனாலும் அவற்றின் மூளையில் புரதக் கட்டிகள் சேர்ந்து, நடை தடுமாறி, நரம்புகள் அழிந்தன.

இதை நோயாளிக்கு எப்படிச் சொல்வது? உடுப்பிட்டித் தோட்டக்காரருக்குச் சொல்வது கடினமில்லை. வேலி அடைத்து இற்றுப்போன பனையோலையை இங்கே யாரும் எறிவதில்லை. பிரித்து, வெட்டி, தோட்டத்தில் தாட்டுவிடுவார்கள். அடுத்த போகத்து வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அதுதான் பசளை. "உங்கடை மூளைக்குள்ளையும் பழைய ஓலை தாக்கிற வேலை நடக்குது, ஐயா. கனகாலக் கவலையிலை அது நிண்டுபோச்சு. குளிசை திரும்பத் தொடக்கிவிடுது. ஓலை தாட்டவுடனை வெங்காயம் வருமே?" இதைக் கேட்ட பிறகு மருந்தை விடாமல் போட்டவர்கள் பலர் என்கிறார். அறிவியல் விளக்கம் தன் வேலையைச் செய்வது இப்படித்தான் என்பது அவருடைய கட்சி. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, ஆயிரக்கணக்கான பக்கங்களைத் தமிழாக்கினார். உடுப்பிட்டியும் அந்த மிசனின் ஒரு நிலையம். அங்கே அவர்கள் தொடங்கிய பள்ளிக்கூடத்தில்தான் இந்த மருந்தாளர் படித்தார். கலம், நொதியம், ஓமோன் என்று தமிழில் படித்ததைத் தமிழில் சொல்ல என்ன கஷ்டம் என்று அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

ஓலைக் கதை சொல்ல எளிது. குளிசைக்கும் தன்னுண்ணலுக்கும் உள்ள தொடர்பை நிறுவுவதுதான் கடினம்.

மியூனிக் நகரின் மக்ஸ் பிளாங்க் உளமருத்துவ நிறுவனத்தில் தியோ றைன் குழு 2014 இல் ஒரு முக்கியமான இணைப்பைக் காட்டியது. எவ்.கே.பி.பி.51 என்று ஒரு புரதம் உண்டு. அழுத்த ஓமோனான கோட்டிசோல் கலத்தில் எப்படி வேலை செய்யவேண்டும் என்பதில் அதற்குக் கை உண்டு. அதே புரதம், தன்னுண்ணலைத் தொடக்கிவைக்கும் பெக்ளின்-1 என்ற புரதத்தோடும் கைகோர்க்கிறது. மனச்சோர்வு மருந்துகள் தன்னுண்ணலைத் தூண்டுவதற்கு எவ்.கே.பி.பி.51 தேவைப்பட்டது. அது இல்லாத எலிகளில் பறொக்செற்றின் என்ற மருந்தின் பலன் மங்கியது. நோயாளிகளின் இரத்த வெண்கலங்களில் இந்தப் புரதங்களின் அளவும், அவர்கள் மருந்துக்கு எவ்வளவு இணங்கினார்கள் என்பதும் சேர்ந்து போயின. மன அழுத்தமும் கலத்தின் துப்புரவும் ஒரே புரதத்தில் சந்திக்கின்றன என்பது சாதாரண விஷயமில்லை.

மருந்தாளர் இன்னும் ஆவலோடு விவரிப்பது எசென் நகரின் எரிக் குல்பின்ஸ் குழு 2018 இல் வெளியிட்டதை. அதில் அவருடைய அமிற்றிப்ரிலின் இருக்கிறது, புளுவொக்செற்றின் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்தும் இருக்கிறது. இந்த இரண்டு மூலக்கூறுகளுக்கும் ஒரு பக்கம் கொழுப்பில் கரைவது, மறு பக்கம் காரத்தன்மை உள்ளது. கொழுப்புப் பக்கத்தின் உதவியால் சவ்வுகளைக் கடந்து இலைசோசோமுக்குள் நுழைந்துவிடும். உள்ளே அமிலம். அங்கே புரோத்தன் ஒன்றை ஏற்று மின்னேற்றம் பெற்றதும் திரும்பி வரமுடியாமல் சிக்கிக்கொள்ளும். நாளுக்கு நாள் சேரும். சேர்ந்த மருந்து அங்குள்ள ஒரு நொதியத்தை முடக்குகிறது. அந்த நொதியம் உடைக்கவேண்டிய ஸ்பிங்கோமயலின் என்ற கொழுப்பு தேங்குகிறது. அந்தத் தேக்கம் கலத்தின் இன்னொரு சவ்வில் செறமைட் என்ற கொழுப்பைக் கூட்ட, அது தன்னுண்ணலைத் தொடக்கிவைக்கிறது. அழுத்த ஓமோன் கொடுத்துச் சோர்வடையச் செய்த எலிகள் இந்தக் குளிசைகளால் தெளிய குறைந்தது 12 நாள் எடுத்தது. இடைப்படிகளைத் தாண்டி நேராகத் தன்னுண்ணலைத் தூண்டியபோது அவை விரைவில் தெளிந்தன. பெக்ளினைத் தடுத்தபோது குளிசைகள் பலனற்றுப்போயின.

பன்னிரண்டு நாள். "ரெண்டு மூண்டு கிழமை செல்லும், அம்மா" என்று காலம் முழுக்கச் சொன்ன ஒருவருக்கு அந்த எண் எப்படி இருந்திருக்கும்! எலியின் நாளும் மனிதனின் நாளும் ஒன்றல்ல என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் தாமதத்துக்கு உடலுக்குள் ஒரு காரணம் இருக்கிறது என்பதே நோயாளியிடம் சொல்லத் தகுந்த செய்தி. மருந்து தூங்கிக்கொண்டிருக்கவில்லை. சேர்கிறது.

அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒரே முடிச்சில் கட்டிவிடக்கூடாது. இந்த ஆய்வுகளை வாசிக்கும்போது ஒரு எச்சரிக்கை தேவை; குளோரோகுயினைத் தெரிந்தவருக்கு அது உடனே விளங்கும். கலத்தில் பைகள் கூடுதலாகத் தெரிந்தால் தன்னுண்ணல் கூடிவிட்டது என்று அர்த்தமாகாது. பைகள் அதிகம் கட்டப்பட்டிருக்கலாம், அல்லது கட்டிய பைகள் அழியாமல் நிற்கலாம். குளோரோகுயின் இலைசோசோமின் அமிலத்தைக் குறைத்து இரண்டாவதைத்தான் செய்கிறது. அதுவும் மனச்சோர்வு மருந்துகளைப் போலவே இலைசோசோமில் சிக்கும் வகை. அதனால் அதிக அளவில் கொடுத்த சில ஆய்வுகளில் மனச்சோர்வு மருந்து தூண்டியதா, தடுத்ததா என்பதே சந்தேகமாகிவிடும். கலத்தட்டில் ஊற்றும் செறிவும் ஒரு மனிதரின் மூளைக்குப் போகும் அளவும் வேறு வேறு.

கெற்றமின் கதை இதைவிடச் சிக்கல். போர்க்காலத்தில் அது சத்திரசிகிச்சைக் கூடத்து மருந்து. மயக்க வாயுவும் மின்சாரமும் இல்லாத நேரத்தில் காயப்பட்டவரின் காலை எடுக்கவும் சன்னத்தை அகற்றவும் கைகொடுத்தது. பூட்டிய அலுமாரியிலிருந்து கையெழுத்து வாங்கிக் கொடுக்கும் குப்பி. அதே மருந்து மிகச் சிறிய அளவில் மனச்சோர்வைச் சில மணித்தியாலங்களில் குறைக்கிறது என்று 2000 இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வு வந்தது. 2010 இல் அதே யேலில் றொனால்ட் டியூமன் குழு, கெற்றமின் எம்ரோர் என்ற புரதத்தை விழிக்கவைத்து எலி மூளையில் புதிய நரம்பிணைப்புகளை வளர்க்கிறது என்று காட்டியது. எம்ரோர் விழித்தால் தன்னுண்ணல் அடங்கும். அப்படியானால் ஒரு மருந்து தன்னுண்ணலைத் தூண்டிச் சுகம் தருகிறது, இன்னொன்று அதை அடக்கும் புரதத்தைத் தூண்டிச் சுகம் தருகிறதா?

இதைச் சோதிக்க ஒரு வழி இருந்தது. எம்ரோரை அடக்கும் மருந்தான றப்பாமைசின், 1964 இல் ஈஸ்டர் தீவுக்குப் போன கனேடிய மருத்துவக் குழு எடுத்துவந்த மண்ணில் வாழ்ந்த பற்றீரியாவிலிருந்து பிறந்தது. அதைப் பிரித்தெடுத்த குழுவில் முன்நின்றவர் இந்தியரான சுரேன் சேகல். இன்று சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பெற்றவர்கள் போடும் மருந்து. 2020 இல் யேல் ஆய்வாளர்கள் 20 நோயாளிகளுக்குக் கெற்றமின் ஏற்றுவதற்கு முன் றப்பாமைசின் கொடுத்துப் பார்த்தார்கள். கெற்றமினின் பலன் அழிந்துபோகும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. இரண்டு கிழமை கழித்துப் பலன் நிலைத்தவர்கள் றப்பாமைசின் பெற்றபோது 41 வீதம், வெறும் குளிசை பெற்றபோது 13 வீதம். 20 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் பாடப்புத்தகத்தைத் திரும்ப எழுதவைக்கும் வகையான முடிவு இது.

2025 இல் சீனாவின் செஜியாங் பல்கலைக்கழகத்திலிருந்து நேச்சரில் வந்த ஆய்வு இந்தக் குழப்பத்தில் ஒரு வழி காட்டுகிறது. அது மூளை முழுவதையும் பார்க்கவில்லை. பக்க ஹபெனுலா என்ற சிறு பகுதியைப் பார்த்தது. ஏமாற்றமும் தண்டனையும் வரும்போது கிளர்ந்தெழும் பகுதி அது. குறுகிய கால அழுத்தம் அங்கே தன்னுண்ணலைக் கூட்டியது. நீண்டகால அழுத்தம் குறைத்தது. பறொக்செற்றின், கெற்றமின், றப்பாமைசின் மூன்றும் திரும்பக் கூட்டின. கூடிய தன்னுண்ணல், நரம்புக்கலத்தின் மேல் மிகுந்துபோன குளுற்றமேற் வாங்கிகளை உடைத்து, கிளர்ச்சியைத் தணித்தது. வேறு வேறு வழியால் வரும் மருந்துகள் ஓர் இடத்தில் ஒரே வேலையைச் செய்யக்கூடும். எலிகளில் கண்டது இது. ஆனால் குறுகிய அழுத்தத்துக்கும் நெடுநாள் அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை வடமராட்சியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஒரு செல் விழுந்த இரவைத் தாங்கியவர்கள், தேடியும் கிடையாத பிள்ளைக்காகப் பத்து வருடம் காத்திருந்ததில் உடைந்திருக்கிறார்கள்.

விஞ்ஞானத்தின் இந்தக் கருத்து வேறுபாடுகள் பாமசி வாசலுக்கும் வரும். 2022 ஆடி மாதம் செரற்றோனின் குறைவால் மனச்சோர்வு வருகிறது என்பதற்கு உறுதியான ஆதாரமில்லை என்று இலண்டனிலிருந்து ஒரு பெரிய மீளாய்வு வந்தது. உலகமெல்லாம் செய்தியானது. அடுத்த சில நாட்களில் டொறொன்ரோவிலிருந்து ஒரு தொலைபேசி.

"மாமா, அம்மாவின்ரை குளிசையை நிப்பாட்டச் சொல்லுங்கோ. செரற்றோனின் கதையே பொய்யாம். நான் வாசிச்சனான்."

"பிள்ளை, அவை சொன்னது நோய்க்குக் காரணம் அதில்லையெண்டு. குளிசை வேலை செய்யாதெண்டு சொல்லேல்லை. அம்மா இப்ப கோயிலுக்குப் போறா, சமைச்சுச் சாப்பிடுறா. திடீரெண்டு நிப்பாட்டினால் தலைச்சுத்து, பதகளிப்பு, நித்திரைக் குழப்பம் எல்லாம் வரும். குறைக்கிறதெண்டால் டொக்டரோடை கதைச்சு, மெல்ல மெல்லத்தான்."

நீண்ட உரையாடல் அது. ஒரு மருந்து ஏன் வேலை செய்கிறது என்ற விளக்கம் மாறலாம். அது வேலை செய்கிறதா என்பது வேறு கேள்வி. இதை அந்தப் பிள்ளை ஏற்றுக்கொள்ள அரை மணித்தியாலம் ஆனது. தாய் குளிசையை நிறுத்தவில்லை. இத்தனைக்கும் மருந்தாளர் மருந்தின் பெருமை பாடுபவர் அல்லர். அமெரிக்காவில் நடந்து 2006 இல் முடிவு வந்த பெரிய ஆய்வில், முதலில் கொடுத்த மருந்திலேயே முற்றாகத் தெளிந்தவர்கள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் மட்டுமே என்பதையும் கேட்பவர்களிடம் சொல்லிவிடுவார். ஒன்று சரிவராவிட்டால் இன்னொன்று இருக்கிறது. குளிசையோடு பேசித் தீர்க்கும் சிகிச்சையும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் சாந்திகம் போன்ற அமைப்புகள் அதைப் பல வருடமாகச் செய்துவருகின்றன. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தையும் மருந்துக் கூட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுப்பார்.

இப்போது புதிதாக ஒரு கேள்வி வருகிறது, இளையவர்களிடமிருந்து. பட்டினி கிடந்தால் தன்னுண்ணல் கூடுமாமே, கந்தசஷ்டி விரதம் பிடித்தால் மனச்சோர்வு போய்விடுமா? ஓசுமி பட்டினி போட்டது மதுவத்தை. மனச்சோர்வுள்ளவர் பலர் ஏற்கெனவே சாப்பாட்டை வெறுத்து எலும்பும் தோலுமாக வருகிறார்கள். அவர்களைப் பட்டினி போடுவது ஆபத்து. லிதியம் என்ற மனநோய் மருந்தை எடுப்பவர் தண்ணீரும் உப்பும் குறைத்தால் இரத்தத்தில் மருந்தளவு ஏறி நஞ்சாகிவிடும். ஆறு நாளும் பட்டினியாக இருந்து விரதம் பிடிக்கும் வழக்கமுள்ள ஊர் என்பதால் இதை அவர் அழுத்திச் சொல்கிறார். பக்திக்காக விரதம் பிடிப்பவர் பிடிக்கட்டும், மருத்துவரிடம் சொல்லிவிட்டுப் பிடிக்கட்டும். சந்நிதிக் கோயிலில் அன்னதானம் கிடைக்கிறது, மனச்சோர்வுள்ளவர் அங்கே போய்ச் சாப்பிட்டு வருவது நல்லது.

அவரை உறுத்துவது வேறொன்று. ஆய்வுகூடத்து எலிகள் பெரும்பாலும் இளமையானவை. உடுப்பிட்டியில் இன்று அவர் யன்னலுக்கு வருபவர்களில் பெரும் பங்கினர் எழுபதைக் கடந்தவர்கள். பிள்ளைகள் இலண்டனிலும் டொறொன்ரோவிலும், பெரிய வீட்டில் ஒருவர் தனியே. வயது ஏற ஏறத் தன்னுண்ணல் தானாகவே குறைகிறது. அப்படியானால் இவர்களுக்குக் குளிசை வேலை செய்ய இன்னும் கூடுதல் நாள் எடுக்குமா? முதியவர்கள் இளையவர்களைவிட ஆறுதலாகத்தான் தெளிகிறார்கள் என்று அவருக்குப் படுகிறது. ஒருவருக்குப் படுவது ஆதாரமாகாது. முதியவர்களுக்கு அமிற்றிப்ரிலின் கொடுப்பதையும் மருத்துவர்கள் இப்போது தவிர்க்கிறார்கள்; தலை சுற்றி விழுவார்கள், மறதி கூடும். குறைந்த அளவில் சேர்ட்ராலின் போன்றவற்றைத் தொடங்கி, மெல்லக் கூட்டுகிறார்கள். அதனாலும் நாட்கள் நீளும்.

மருந்துக் கூட்டில் அவர் இரண்டு திகதிகளை எழுதுகிறார். ஒன்று தொடங்கிய நாள். மற்றது அதிலிருந்து நான்கு கிழமை கழித்து வரும் நாள். "இந்தத் திகதி மட்டும் விடாமல் போடுங்கோ. பிறகு வந்து என்னோடை சண்டை பிடியுங்கோ." கிளினிக் கொப்பிகளிலும் இதே விவரம் கிடக்கிறது: எப்போது தொடங்கியது, எந்தத் தடவை வந்தபோது நித்திரை திரும்பியது, எப்போது பசி திரும்பியது, நோயாளிக்கு என்ன வயது. யாழ்ப்பாண மருத்துவ பீடத்து மாணவர் ஒருவர் உரிய அனுமதியோடு, பெயர்களை நீக்கிவிட்டு, இந்தக் கொப்பிகளை இருந்து புரட்டினால், எழுபது வயதுப் பெண்ணுக்கு 'எத்தினை நாள்' என்று எலியைக் கேட்காமலே சொல்லக்கூடியதாக இருக்கும். கேட்டு வருபவருக்குத் தன்னிடமுள்ள பழைய குறிப்புகளையும் கொடுக்க மருந்தாளர் ஆயத்தமாக இருக்கிறார்.